ரிஃப்ளெக்டர் ஆடக் கூடாது: பிளாஸ்டிக் டார்ச் தலையை டிசைன் பண்ணுவது எப்படி?



வீட்டில் இருக்கிற பிளாஸ்டிக் டார்ச் லைட்டை எடுங்க. பேட்டரியைக் கழற்றிட்டு, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பாருங்க. ‘கடகட’ன்னு சத்தம் வந்தால், பெரும்பாலும் உள்ளே ஆடுவது ரிஃப்ளெக்டர்தான். பல்பைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி பளபளன்னு இருக்குமே, அதுதான்.

அந்தக் கிண்ணத்தைப் பிளாஸ்டிக் தலைக்குள் ஆடாமல் நிறுத்துவது எப்படி? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். கேட்க ரொம்பச் சின்ன விஷயமா இருக்கும். ஆனால் டாலரன்ஸ், வெப்ப விரிவு, க்ரீப், மோல்டு டிசைன் என்று நாம் நாலு வருஷமா தனித்தனிப் பேப்பராகப் படிச்சதெல்லாம் இந்த 40 மி.மீ. வட்டத்துக்குள் ஒண்ணா வந்து நிற்குது. மெக்கானிக்கல் இல்லாத நண்பர்களும் தைரியமாகப் படிக்கலாம். கணக்கு பிளஸ் டூ அளவைத் தாண்டாது.

முழுக் கட்டுரைக்கும் ஒரே ஒரு விதிதான். முதலிலேயே சொல்லிடறேன்: இடத்தைத் தீர்மானிப்பது கடினமான பொருளின் வேலை, அழுத்திப் பிடிப்பது மிருதுவான பொருளின் வேலை. இரண்டையும் ஒரே பாகத்திடம் கொடுக்காதீங்க.

கொஞ்சம் ஆடினால் என்ன?

ரிஃப்ளெக்டரின் வடிவம் பரவளையம். அதன் குவியத்தில் எல்இடி இருந்தால், கதிர்கள் எல்லாம் இணையாக வெளியே போகும். குவியத்தூரம் 5 மி.மீ., வாய் விட்டம் 40 மி.மீ. என்று வைச்சுக்கோங்க. ஆழம் = ஆரத்தின் வர்க்கம் ÷ (4 × குவியத்தூரம்). அதாவது 400 ÷ 20 = 20 மி.மீ. கையில் பிடிக்கிற சாதாரண டார்ச் அளவுதான். கட்டுரை முழுக்க இதையே உதாரணமாக எடுத்துக்குவோம்.

இப்போ ரிஃப்ளெக்டர் அரை மில்லிமீட்டர் மட்டும் முன்னால் நகர்ந்துவிட்டது. குவியத்துக்கு நேர் பக்கவாட்டில், கண்ணாடிப் பரப்பு குவியத்திலிருந்து 10 மி.மீ. தூரத்தில் இருக்கும். அங்கே பட்டுத் திரும்பும் கதிரின் கோணப் பிழை 0.5 ÷ 10 = 0.05 ரேடியன், சுமார் 3 டிகிரி. 10 மீட்டர் தள்ளி அது 50 செ.மீ. விலகல். ஒரு புள்ளியில் குவிய வேண்டிய வெளிச்சம் பெரிய வட்டமாகப் பரவி மங்கிவிடும். பக்கவாட்டில் நகர்ந்தால் வெளிச்ச வட்டமே ஒரு பக்கமாகச் சாயும்.

1984-ல் வந்த மினி மேக்லைட் டார்ச்சில் இதையே ஒரு வசதியாக மாற்றியிருப்பாங்க. தலையைத் திருகினால் ரிஃப்ளெக்டர் பல்பை விட்டு முன்னும் பின்னும் நகரும். வெளிச்சம் குவியும், விரியும். அங்கே நாம் கேட்டு நகருது. நம்ம டார்ச்சில் கேட்காமல் நகருது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பழைய குண்டு பல்பு டார்ச்சில் பிரச்சினை இன்னும் மோசம். பல வகைகளில் பல்பு ரிஃப்ளெக்டரின் கழுத்திலேயே உட்கார்ந்திருக்கும். பின் மூடியில் இருக்கிற ஸ்பிரிங் பேட்டரியைத் தள்ளும், பேட்டரி பல்பைத் தள்ளும். உடம்பு பிளாஸ்டிக் என்பதால், சுவிட்சிலிருந்து வரும் தகடு உலோக ரிஃப்ளெக்டரைத் தொட்டு, அது வழியாகத்தான் பல்புக்கு மின்சாரம் போகும். அதாவது ரிஃப்ளெக்டரே ஒரு ஒயர். அது ஆடினால் வெளிச்சம் விட்டுவிட்டு எரியும். தாத்தா டார்ச்சை உள்ளங்கையில் ரெண்டு தட்டு தட்டினால் எரிந்ததற்குப் பின்னால் இருந்த இன்ஜினியரிங் இதுதான்.

யார் யார் தள்ளுறாங்க?

எந்தப் பாகத்தையும் பிடிக்கிறதுக்கு முன்னால், அதை எதெல்லாம் தள்ளும் என்று ஒரு பட்டியல் போடணும். ரிஃப்ளெக்டருக்கு மூன்று எதிரிகள்.

முதல் எதிரி, விழுதல். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் டார்ச், தரையில் பட்டு 1 மி.மீ. தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைங்க. சராசரி வேகக்குறைவு புவியீர்ப்பைப் போல 1000 மடங்கு. ரிஃப்ளெக்டரும் முன் கண்ணாடியும் சேர்ந்து 10 கிராம் என்றால், அந்தக் கணத்தில் அது 10 கிலோ எடை மாதிரி நடந்துகொள்ளும். அமெரிக்காவில் 2009-ல் வந்த ஏஎன்எஸ்ஐ/நெமா எஃப்எல் 1 தரநிலையும், ‘கீழே விழுந்தாலும் தாங்கும்’ என்று சொல்லணும்னா குறைந்தது 1 மீட்டரிலிருந்து கான்கிரீட் தரையில் போட்டுப் பார்க்கச் சொல்லுது.

இரண்டாவது, வெப்பம். ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 80 மைக்ரான் விரியும். வெயிலில் நிற்கிற கார் டாஷ்போர்டில் டார்ச் கிடந்தால் 30-லிருந்து 70 டிகிரிக்குச் சாதாரணமாகப் போகும். 40 மி.மீ. விட்டத்துக்குக் கணக்குப் போட்டால் 0.13 மி.மீ. விரிவு. அலுமினிய ரிஃப்ளெக்டர் என்றால் அதே சூட்டில் 0.04 மி.மீ.தான் விரியும். ஆக, ஒன்றுக்குள் ஒன்று இறுக்கிச் செருகினால் வெயிலில் ஒன்று தளரும், குளிரில் ஒன்று விரிசல் விடும்.

மூன்றாவது, நாமேதான். பேட்டரி மாற்றவோ துடைக்கவோ தலையைத் திருகும்போது, அந்த உராய்வில் ரிஃப்ளெக்டரும் கூடவே சுற்றப் பார்க்கும்.

முதல் படி: உட்காரும் இடம்

ஜிக்ஸ் அண்ட் ஃபிக்சர்ஸ் பாடத்தில் 3-2-1 என்று படிச்சது ஞாபகம் இருக்கா? ஒரு பொருளுக்கு ஆறு விதமான அசைவு உண்டு. ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை நிறுத்தணும். குறைந்தால் ஆடும். கூடினால், அதாவது ஒரே அசைவை இரண்டு இடத்தில் நிறுத்தப் பார்த்தால், எந்த இடம் ஜெயிக்கும் என்று நமக்கே தெரியாது.

ரிஃப்ளெக்டரை எங்கே உட்கார வைக்கலாம்? நிறைய பேர் விளிம்பைத்தான் தேர்ந்தெடுப்பாங்க. தலையின் வாயில் ஒரு படி வைத்து, அதில் ரிஃப்ளெக்டர் விளிம்பை வைப்பாங்க. கேட் மாடலில் அழகா இருக்கும். ஆனால் இப்போ எல்இடிக்கும் ரிஃப்ளெக்டர் குவியத்துக்கும் இடையில் உள்ள தூரத்தை எத்தனை அளவுகள் தீர்மானிக்குதுன்னு எண்ணிப் பாருங்க: தலையில் ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு உள்ள ஆழம், எல்இடி போர்டின் தடிமன், எல்இடியின் உயரம், ரிஃப்ளெக்டரின் விளிம்பிலிருந்து குவியம் வரை உள்ள தூரம். மொத்தம் நாலு. நாலிலும் பிழை சேரும்.

அதற்குப் பதிலா, எல்இடி உட்கார்ந்திருக்கிற அதே போர்டு மேலேயே ரிஃப்ளெக்டரை உட்கார வைங்க. இப்போ எல்இடியின் உயரமும், ரிஃப்ளெக்டரின் பாதத்திலிருந்து குவியம் வரை உள்ள தூரமும் மட்டும்தான் கணக்கில் வரும். பாதி பிழை, ஒரு பைசா செலவில்லாமல் காணாமல் போச்சு.

பாதம் என்று முழு வளையத்தைக் கொடுக்காதீங்க. மோல்டிலிருந்து வரும் எந்தப் பிளாஸ்டிக் வளையமும் முழுசாகத் தட்டையாக இருக்காது. மூன்று கால் கொடுங்க. நாலு கால் ஸ்டூல் மேடுபள்ளத்தில் ஆடும், முக்காலி ஆடாது. கிண்ணத்தின் பின்புறத்திலிருந்து கீழே இறங்கும் மூன்று சின்னக் கால்களை 24 மி.மீ. வட்டத்தில் சம இடைவெளியில் வைக்கலாம். அடி அகலமாக இருந்தால் சாயாது. போர்டின் சூடு ரிஃப்ளெக்டருக்கு ஏறுவதும் குறையும். எல்இடி எடுத்துக்கொள்ளும் மின்சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகுது, ஏபிஎஸ் 100 டிகிரியை நெருங்கும்போதே இளக ஆரம்பிச்சிடும். கால் இறங்கும் இடத்தில் போர்டில் செம்புத் தடம் இல்லாமல் பார்த்துக்கோங்க. ரிஃப்ளெக்டரின் பளபளப்பு என்பது மெல்லிய அலுமினியப் பூச்சு. அது மின்சாரத்தைக் கடத்தும்.

மூன்று கால் மூன்று அசைவை நிறுத்தியாச்சு. பக்கவாட்டு அசைவு இரண்டு பாக்கி. அதற்கு எல்இடியைச் சுற்றி ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம் வைத்து, ரிஃப்ளெக்டரின் அடி ஓட்டை அதில் பொருந்தும்படி செய்யுங்க. கடைசியாகச் சுழற்சி. ரிஃப்ளெக்டர் விளிம்பில் ஒரு காது, தலையின் உள்சுவரில் அதற்கு ஒரு பள்ளம். ஆறும் முடிஞ்சது.

விளிம்பு? அது தலையின் சுவரைத் தொடவே கூடாது. சுற்றிலும் 0.2 மி.மீ. இடைவெளி விடுங்க. டார்ச் பக்கவாட்டில் விழும்போது மட்டும் சுவர் தாங்கினால் போதும்.

இங்கே மோல்டு ஒரு சின்ன விளையாட்டு காட்டும். வார்த்த பாகம் அச்சிலிருந்து கழன்று வர, சுவருக்கு 1 டிகிரி சரிவு கொடுப்போம். 20 மி.மீ. ஆழத்தில் 1 டிகிரி என்றால் ஒரு பக்கத்துக்கு 0.35 மி.மீ. அதாவது துளையின் வாய் அடியைவிட 0.7 மி.மீ. அகலம். கேட் மாடலில் சரிவு போட மறந்துவிட்டு 0.2 மி.மீ. இடைவெளி என்று எழுதினால், வார்த்து வரும் பாகத்தில் அந்த 0.2 எங்கேயுமே இருக்காது. இதற்குத் தீர்வு, வாய்ப் பக்கத்தில் 3 மி.மீ. நீளத்துக்கு மட்டும் மூன்று குட்டி ரிப். அந்த நீளத்தில் சரிவால் வரும் மாற்றம் 0.05 மி.மீ.தான்.

இரண்டாம் படி: அழுத்திப் பிடிப்பது

இடம் சரி. இனி ரிஃப்ளெக்டர் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் அழுத்தணும். ரிஃப்ளெக்டர் மேல் முன் கண்ணாடி, அதன் மேல் ஒரு ரப்பர் வளையம், அதன் மேல் திருகு மூடி. இதுதான் வரிசை.

ரப்பர் எதற்கு? அது தண்ணீர் போகாமல் தடுக்க மட்டும்தான் என்று பல பேர் நினைப்பாங்க. ரப்பர் இல்லாமல் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தலையின் ஆழம் ±0.1, போர்டு ±0.1, ரிஃப்ளெக்டர் உயரம் ±0.1, கண்ணாடி ±0.05, திருகு மூடி ±0.1. எல்லாம் ஒரே பக்கம் கூடினால் ±0.45 மி.மீ. ஒரு டார்ச்சில் 0.45 இடைவெளி விழுந்து கடகடன்னு ஆடும். இன்னொரு டார்ச்சில் 0.45 மி.மீ. அதிகமாகி, மூடியை இறுக்கும்போதே பிளாஸ்டிக் விரிசல் விடும். இரண்டும் ஒரே டிராயிங், ஒரே மெஷின்.

இப்போ 2.5 மி.மீ. தடிமன் உள்ள ரப்பர் வளையத்தை வைங்க. 20 சதவீதம் நசுங்கும்படி, அதாவது 0.5 மி.மீ. நசுங்கும்படி டிசைன் செய்யுங்க. மிக மோசமான பக்கத்தில் 0.05 மி.மீ. நசுங்கல் மிச்சம் இருக்கும், ஆடாது. எதிர்ப் பக்கத்தில் 0.95 மி.மீ. நசுங்கும், அதிகம்தான், ஆனால் ரப்பர் தாங்கிடும். நடைமுறையில் எல்லாப் பிழையும் ஒரே திசையில் சேர்வது அபூர்வம். வர்க்கங்களின் கூட்டலுக்கு வர்க்கமூலம் எடுத்தால் சுமார் ±0.2 மி.மீ.தான் வரும். அப்போ நசுங்கல் 0.3 முதல் 0.7 வரை. ரப்பருக்கு அது சௌகரியமான இடம்.

ஐந்து பாகங்களின் பிழையையும் அஞ்சோ பத்தோ ரூபாய் ரப்பர் விழுங்கிட்டது. டாலரன்ஸை இறுக்கி மோல்டு செலவை ஏற்றுவதைவிட இது எவ்வளவோ மலிவு. முகம் கீழாக விழும்போது அந்த 10 கிலோ அடியை வாங்கி மெதுவாக்குவதும் இதே ரப்பர்தான்.

இதோடு விட்டுடக் கூடாது. மூடி எவ்வளவு இறுகணும்? “கை இறுக்கம் வரும் வரை” என்று எழுதினால் ஆளுக்கு ஒரு இறுக்கம் வரும். மூடியின் தோள், தலையின் தோளில் மோதி நிற்கும்படி ஒரு நிறுத்தம் கொடுங்க. அதுக்கு மேல் எவ்வளவு பலமாகத் திருகினாலும் ரப்பர் கூடுதலாக நசுங்காது. மரை 2 மி.மீ. பிட்ச் என்றால், ரப்பர் தொட்ட இடத்திலிருந்து கால் சுற்றில் 0.5 மி.மீ. வந்து தோள் நின்றுவிடும். உலோக போல்ட் மாதிரி கூர்மையான, நெருக்கமான மரை பிளாஸ்டிக்குக்கு ஆகாது. கூர்மையான பள்ளத்தில்தான் விரிசல் ஆரம்பிக்கும். பெரிய பிட்ச், உருண்ட அடி, இதுதான் சரி.

ஸ்னாப் ஃபிட் போட்டால் என்ன? பசை ஒட்டினால் என்ன?

ரிவ்யூவில் கண்டிப்பா வரும் கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இறுக்கிச் செருகுவது: முதல் நாள் கச்சிதமா இருக்கும். ஆனால் பிளாஸ்டிக்கை எப்போதும் அழுத்தத்திலேயே வைத்திருந்தால் அது மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்துடும். அதுதான் க்ரீப். சூட்டில் இன்னும் வேகமாக நடக்கும். ஆறு மாதம் கழித்து ஆடும் டார்ச்சுக்கு, ஆறு மாதம் முன்னால் போட்ட டிராயிங்தான் காரணம்.

ஸ்னாப் ஃபிட்: கொக்கி வளையும்போது அதன் அடியில் வரும் இழுவிசைத் திரிபு = 1.5 × தடிமன் × வளைவு ÷ நீளத்தின் வர்க்கம். தடிமன் 1.5, வளைவு 0.8, நீளம் 6 மி.மீ. என்றால் 5 சதவீதம். நீளத்தை 10 மி.மீ. ஆக்கினால் 1.8 சதவீதம். நீளம் வர்க்கத்தில் வருவதைக் கவனிங்க. கழற்றி மாட்டும் கொக்கிக்கு 2 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ஆனால் டார்ச் தலையில் 10 மி.மீ. கொக்கிக்கு இடம் கிடைப்பது கஷ்டம். இடம் கிடைச்சால் தாராளமாகப் போடுங்க, ஒரே நிபந்தனை: மாட்டிய பிறகு கொக்கி வளையாமல் நேராக, ஓய்வாக நிற்கணும். அழுத்தத்தை அப்பவும் ரப்பர்தான் கொடுக்கணும். வளைந்தபடியே நிற்கும் கொக்கி க்ரீப்பில் தன் பிடியை விட்டுடும்.

பசை: நம்ம எல்லாருக்கும் கை போகும் சூப்பர் க்ளூ காயும்போது அதன் ஆவி பக்கத்தில் இருக்கும் பரப்பில் வெள்ளைப் படலமாகப் படியும். அது படியும் இடம் ரிஃப்ளெக்டர் என்றால் பளபளப்பு போச்சு. துடைச்சால் அலுமினியப் பூச்சும் சேர்ந்தே வரும். மரையில் போடும் த்ரெட் லாக்கர் திரவமும் ஏபிஎஸ், பாலிகார்பனேட் இரண்டிலும் விரிசலை உண்டாக்கக் கூடியது. இதையெல்லாம் விட முக்கியமான காரணம்: ஒட்டிய தலையை யாராலும் திறக்க முடியாது. உள்ளே ஒரு எல்இடி போனால் முழு டார்ச்சும் குப்பைக்குப் போகணும்.

செய்து பார்க்கும்போது

மாதிரியை 3டி பிரிண்டரில் அடிக்கப் போறீங்கன்னா சில விஷயங்கள். பிஎல்ஏ 60 டிகிரி பக்கத்திலேயே இளகும். வெயில் சோதனைக்கு அது உதவாது. கொக்கியை நின்ற வாக்கில் அடித்தால் அடுக்கு அடுக்காகப் பிரியும். படுத்த வாக்கில் அடிங்க. பிரிண்டில் சரியாகப் பொருந்தியது என்பதால் மோல்டிலும் பொருந்தும் என்று நம்பாதீங்க. பிரிண்டுக்குச் சரிவு தேவையில்லை, மோல்டுக்குத் தேவை. சுவர் 2 மி.மீ. என்றால் அதில் சேரும் ரிப்பை 1 முதல் 1.2 மி.மீ.க்குள் வைங்க. தடித்தால் வெளிப்பக்கம் குழி விழும். உள்மூலைகளைக் கூர்மையாக விடாமல் உருட்டிவிடுங்க.

பிறகு ஐந்து சோதனை:

1. காதருகில் ஆட்டுங்க. சத்தமே வரக் கூடாது.
2. 3 மீட்டர் தள்ளி சுவரில் வெளிச்சம் அடித்து, வட்டத்தின் விளிம்பைப் பென்சிலால் குறியுங்க. தலையைத் திருகிக் கழற்றி மறுபடி மாட்டுங்க. வெளிச்சம் அதே கோட்டில் விழணும்.
3. இதையே பத்து தடவை செய்யுங்க.
4. ஒரு இரவு ஃபிரீசரில், ஒரு மதியம் வெயிலில் வைங்க. மறுபடி ஆட்டுங்க, மறுபடி சுவரில் பாருங்க.
5. 1 மீட்டர் உயரத்திலிருந்து முகம், பின்பக்கம், பக்கவாட்டு என்று ஒவ்வொன்றாகப் போடுங்க. மறுபடி பென்சில் கோடு.

டார்ச்சின் தரத்தை அந்தப் பென்சில் கோடு சொல்லிடும். அதற்காக எந்த லேபிலும் அனுமதிக் கடிதம் கொடுக்க வேண்டியதில்லை.

இவ்வளவு மெனக்கெடணுமா?

மெனக்கெடணும். கரண்ட் போன ராத்திரியில் மொபைல் டார்ச் நமக்குப் போதும். ஆனால் ராத்திரி மூணு மணிக்கு மோட்டார் போட வரப்பில் நடந்து போறவருக்கு, பத்தடி முன்னால் கிடப்பது கயிறா பாம்பா என்று தெரியணும். அவர் கையில் இருக்கிற டார்ச் ஏற்கெனவே நாலு தடவை கீழே விழுந்திருக்கும். அவருக்கு லூமன் கணக்கு தெரியாது. ஆனால் போன மாதம் தெரிந்த தூரம் இந்த மாதம் தெரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். “பேட்டரி சரியில்லை” என்று நினைத்துப் புது பேட்டரி வாங்குவார். தப்பு பேட்டரியுடையது இல்லை, அரை மில்லிமீட்டருடையது.

அடுத்த தடவை எந்த டிசைன் செய்தாலும் சரி, டார்ச்சோ, ட்ரோன் கேமரா மவுண்டோ, சென்சார் பெட்டியோ, டிராயிங்கில் ஒவ்வொரு பாகத்தையும் காட்டி இரண்டு கேள்வி கேளுங்க. இதன் இடத்தை யார் தீர்மானிக்கிறாங்க? இதை யார் அழுத்திப் பிடிக்கிறாங்க? இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் வந்தால், அந்தப் பாகம் ஒருநாள் ஆடும். பென்சிலை எடுங்க, அந்த இடத்தை மாற்றி வரையுங்க.